டிஸ்கவரி கலத்தின் முதுகு நடுவில் தொய்கிறது, பசை போடாமல் நிமிர்த்த முடியுமா?

வெண்கூடு (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. 1968-இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் வரும் டிஸ்கவரி கலத்தை லெகோவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். செட் எதுவும் இல்லை, முழுக்க சொந்த வடிவமைப்பு. முன்னால் வெள்ளை உருண்டை, நடுவில் நீண்ட ஒல்லியான முதுகு, கடைசியில் என்ஜின் கூடு. மொத்த நீளம் 120 ஸ்டட் (லெகோ துண்டின் மேலுள்ள குமிழ், ஒன்றுக்கு 8 மி.மீ. கணக்கு), அதாவது 96 செ.மீ. உருண்டை 14 ஸ்டட் விட்டம். முதுகின் உயரமும் அகலமும் 4 ஸ்டட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கலம் பருத்துவிடும், அதன் அழகே அந்த ஒல்லியில்தான் இருக்கிறது.

முதுகுக்கு 1×16 டெக்னிக் பிரிக்குகளை (பக்கவாட்டில் துளை உள்ள கட்டைகள்) ஒற்றை வரிசையாக வைத்து, மேலே நீள பிளேட்டுகளால் (மெல்லிய தட்டைத் துண்டுகள்) சேர்த்திருக்கிறேன். உருண்டைக்கு அடியில் ஒரு ஸ்டாண்ட், என்ஜினுக்கு அடியில் ஒன்று. ஆன்டெனா இருக்கும் நடுப்பகுதி கீழே இறங்குகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால், பிரிக்கும் பிரிக்கும் சேரும் இடத்தில் அடிப்பக்கம் நகம் நுழையும் அளவுக்கு விரிந்திருக்கிறது. மேல்பக்கம் ஒட்டியேதான் நிற்கிறது. கையால் அழுத்திச் சேர்த்துவிட்டுப் போனால் மறுநாள் அதே விரிசல். உருண்டையும் லேசாகத் தலைகுனிந்து நிற்கிறது, அது ஒரே ஒரு ஆக்ஸிலில் (துளைக்குள் போகும் லெகோ தண்டு) கோத்தது.

பசை வேண்டாம். பிரித்துப் பிரித்து மாற்றுவதில்தான் எனக்கு சந்தோஷம். என்ன செய்யலாம்?

கட்டைக்காரன்

நல்ல முயற்சி. சுருக்கமான வழி ஒன்று: டெக்னிக் துளையின் விட்டம் ஏறத்தாழ 4.8 மி.மீ. அதற்குள் போகிற மாதிரி ஒரு உலோகக் கம்பியை முதுகு முழுக்க நுழைத்துவிடுங்கள். அல்லது முதுகின் நீளத்தைக் கால்வாசி குறையுங்கள். பார்க்கிறவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது.

வெண்கூடு

நன்றி. கம்பி வைத்தால் நிற்கும்தான். ஆனால் கட்டும் முறையை வரைந்து எல்லோருக்கும் கொடுக்க ஆசை. லெகோ துண்டு மட்டும் வைத்திருப்பவரும் கட்டக்கூடியதாக இருக்கவேண்டும். நீளத்தைக் குறைக்க மனம் வரவில்லை. அணு என்ஜினை ஆட்கள் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி வைக்கத்தான் அந்த நீளமே. அதைக் குறைத்தால் கலத்தின் காரணமே போய்விடுகிறது.

பின்னும்ஆக்ஸிலும்

நீளத்தில் கை வைக்காதீர்கள், உங்கள் பக்கம்தான் நான். நீங்கள் சொன்ன விரிசலிலேயே பதில் இருக்கிறது.

இரண்டு முனையிலும் தாங்கினால் நடுப்பகுதி தொங்கும். அப்போது முதுகின் மேல்பக்கம் நெருக்கப்படும், அடிப்பக்கம் இழுபடும். இழுவையைத் தாங்கவேண்டிய அடிப்பக்கத்தில் உங்களுக்கு ஒன்றுமே இல்லை. பிரிக்குகள் பக்கத்தில் பக்கத்தில் சும்மா நிற்கின்றன. பிளேட் எல்லாம் மேலே இருக்கிறது. அதனால்தான் கீழே வாய் பிளக்கிறது.

முதலில் எதையும் பிரிக்காமல் ஒன்று செய்து பாருங்கள். இரண்டு ஸ்டாண்டையும் உள்ளே தள்ளுங்கள், ஒவ்வொரு முனையிலிருந்தும் 25 ஸ்டட் அளவுக்கு. கனமான உருண்டையும் என்ஜினும் இப்போது ஸ்டாண்டுக்கு வெளியே தொங்கும். அந்தக் கனம் நடுப்பகுதியை மேலே தூக்கும். இழுவை மேல்பக்கத்துக்கு மாறும், அங்கே உங்கள் பிளேட்டுகள் காத்திருக்கின்றன. சரியான இடம் உங்கள் எடையைப் பொறுத்தது, இரண்டிரண்டு ஸ்டட்டாக நகர்த்திப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: உருண்டை வெளியே தொங்கும்போது அந்த ஒற்றை ஆக்ஸில் இன்னும் குனியும். நகர்த்தும்போது உருண்டையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெண்கூடு

செய்து பார்த்தேன். நம்பவே முடியவில்லை, நடுவில் விரிசல் மூடிக்கொண்டது! ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஆன்டெனா பகுதி ஏறக்குறைய நேர்கோடு. ஆனால் நீங்கள் சொன்னபடியே உருண்டை குனிகிறது. மேஜையைத் தட்டினால் முழுக் கலமும் அதிர்கிறது. நிரந்தரமாக உறுதியாக்க முதுகை மறுபடி கட்டத் தயார்.

பின்னும்ஆக்ஸிலும்

அப்படியானால் உள்ளே ஒரு உண்மையான உத்தரம் போடுவோம். உங்கள் 4 ஸ்டட் என்பது 32 மி.மீ. அதற்குள் அழகாக அடங்குகிற கணக்கு இது.

பிரிக் உயரம் 9.6, பிளேட் 3.2 மி.மீ. ஒரு டெக்னிக் பிரிக், மேலே இரண்டு பிளேட், அதன்மேல் இன்னொரு டெக்னிக் பிரிக். கூட்டினால் 25.6. அடியில் ஒரு பிளேட், உச்சியில் ஒரு பிளேட். மொத்தம் மிகச் சரியாக 32.

இதில் முக்கியமானது நடுவில் உள்ள அந்த இரண்டு பிளேட். அவை இருப்பதால் கீழ்த் துளைக்கும் மேல் துளைக்கும் இடைவெளி 16 மி.மீ., அதாவது 2 ஸ்டட். எனவே 3 துளை லிஃப்ட்ஆர்மை (ஸ்டட் இல்லாத, துளைகள் மட்டும் உள்ள சட்டம்) செங்குத்தாக வைத்து முதல் துளையிலும் மூன்றாவது துளையிலும் பின் (துளைகளை இணைக்கும் சிறு முளை) போட்டால் மேல் வரிசையும் கீழ் வரிசையும் பூட்டிக்கொள்ளும். ஸ்டட்டின் பிடியை மட்டும் நம்பவேண்டியதில்லை. மேலும் கீழும் ஒரே உடலாக வேலை செய்தால் உயரம் இரட்டிப்பாகும்போது விறைப்பு எட்டு மடங்காகும். ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால் அந்தப் பலன் கிடைக்காது, அதற்குத்தான் பூட்டு. நாலைந்து ஸ்டட்டுக்கு ஒன்று போதும், இரண்டு பக்கமும்.

அப்புறம், சுவர் கட்டுகிற கொத்தனார் மாதிரி இணைப்புகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். மேல் வரிசையில் பிரிக் முடியும் இடத்துக்கு நேர் கீழே முழு பிரிக்கின் நடு வரவேண்டும். முதல் பிரிக்கை 8 ஸ்டட்டாக வைத்துத் தொடங்கினால் தானாக வந்துவிடும். நான்கு பிளேட் அடுக்குகளும் அப்படியே.

அகலக் கணக்கு: பிரிக் 8, இரு பக்கமும் லிஃப்ட்ஆர்ம் 8 வீதம், ஆகமொத்தம் 24 மி.மீ. மிச்சத்தில் பக்கத்துக்கு ஒரு பிளேட் வைத்து வெள்ளைக் கூடுகளை மாட்டலாம். ஸ்டட் உள்ள அரைப் பின் போட்டால் பக்கவாட்டில் ஸ்டட் கிடைக்கும்.

உருண்டைக்கு: இந்த உத்தரம் உருண்டையின் நடு வரைக்கும் உள்ளே போகட்டும். வாசலில் நின்றுவிடக் கூடாது. மேல் வரிசைத் துளையில் ஒரு பின், கீழ் வரிசைத் துளையில் ஒரு பின் என்று இரண்டு இடத்தில் பிடித்தால் குனிய வழியில்லை. உள்ளே கட்டையால் நிரப்பியிருந்தால் காலி செய்யுங்கள். ஆறு பக்கமும் ஓடு மட்டும் போதும்.

சனிவளையம்

இந்த இழையைப் படிக்கவே இன்பமாக இருக்கிறது. ஒரு யோசனை: முதுகின் பக்கங்களில் பெரிய தகடுகள் வைத்தால் கூடுதல் பலம் கிடைக்காதா? வெப்பத்தை வெளியேற்றும் தகடு என்று சொல்லிக்கொள்ளலாமே.

வெண்கூடு

ஆரம்ப வடிவமைப்பில் அப்படித் தகடுகள் உண்மையாகவே இருந்தன. ஒரு அணு என்ஜினுக்கு அவை தேவையும்கூட. ஆனால் பார்ப்பவர்கள் இறக்கை என்று நினைப்பார்கள், காற்றில்லாத இடத்தில் இறக்கை எதற்கு என்று கேட்பார்கள் என்று எடுத்துவிட்டார்கள். படத்தில் பார்த்த உருவத்தையே கட்ட நினைக்கிறேன், அதனால் வேண்டாம்.

ஸ்டாண்ட் பற்றி ஒரு கேள்வி. உள்ளே நகர்த்தியதால் இப்போது அது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. படத்தில் வரும் கறுப்புக் கல்பலகை வடிவில் செய்தால் பொருத்தமாக இருக்கும் அல்லவா? நாவலில் ஆர்தர் சி. கிளார்க் அதன் தடிமன், அகலம், உயர விகிதத்தை 1:4:9 என்கிறார். தடிமன் 1 ஸ்டட் என்று வைத்தால் 8 மி.மீ., அது இரண்டு பிளேட்டுக்கும் மூன்று பிளேட்டுக்கும் நடுவில் மாட்டுகிறது.

பின்னும்ஆக்ஸிலும்

அளவை இரட்டிப்பாக்குங்கள், சிக்கல் தீர்ந்தது. தடிமன் 2, அகலம் 8, உயரம் 18 ஸ்டட். 2 ஸ்டட் என்பது 16 மி.மீ., சரியாக 5 பிளேட். விகிதம் துளியும் பிசகாது.

பிளேட்டுகளை நிமிர்த்தி வையுங்கள், ஸ்டட் பக்கவாட்டில் பார்க்கும். ஒவ்வொரு அடுக்கும் ஒரு 8×16, ஒரு 2×8. ஒரு அடுக்கில் சின்னது மேலே, அடுத்ததில் கீழே, அப்படி மாற்றி மாற்றி. ஐந்தாவது அடுக்கு வழவழப்பான டைல். உச்சியில் உத்தரத்தைப் பிடிக்க, உள் அடுக்குகளில் சிறு இடம் விட்டு ஒரு டெக்னிக் துண்டைப் புதையுங்கள்.

பலகையைக் கலத்துக்குக் குறுக்காக நிறுத்தவேண்டும். 8 ஸ்டட் அகலம் கலம் பக்கவாட்டில் சாயாமல் பார்த்துக்கொள்ளும். பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டு ஸ்டட் தடிமனில் மெல்லிய கறுப்புக் கோடு மட்டும்தான் தெரியும். அடியில் அகலமான கறுப்புத் தளம் ஒன்று அவசியம்.

கட்டைக்காரன்

என் கம்பி யோசனையை வாபஸ் வாங்குகிறேன், இதுவே மேல். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். லெகோ துண்டின் ஏபிஎஸ் பிளாஸ்டிக் தொடர்ந்து பாரம் தாங்கினால் மெதுவாக நெகிழும். கட்டி முடித்ததும் வெள்ளைக் கூடுகளை மாட்டாமல், உத்தரத்தோடு உருண்டையையும் என்ஜினையும் மட்டும் சேர்த்து ஓரிரு வாரம் நிற்கவிட்டு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வெயில் படாத இடமாக இருக்கட்டும், வெள்ளை நிறம் மஞ்சளாகிவிடும்.

வெண்கூடு

அப்படியே செய்கிறேன். உத்தரம் பாதி தூரம் வந்துவிட்டது. கையில் ஒரு முனையைப் பிடித்து நீட்டினால் மறுமுனை அசையவில்லை. எல்லோருக்கும் நன்றி. கட்டும் முறை வரைந்ததும் இதே இழையில் போடுகிறேன்.