அம்மாவைக் காணவில்லை. போலீஸ் தேடுகிறது, நாங்களும் தேடுகிறோம். வேறு என்ன செய்யலாம்?

கிழக்குத்தாம்பரம்_மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 74 வயது. கொஞ்ச காலமாக மறதி நோய் இருக்கிறது. நேற்று விடியற்காலை, பால்காரர் வருவதற்கு முன்பே, கேட்டைத் திறந்து வெளியே போய்விட்டார். தெருமுனை மருந்துக்கடை கேமராவில் மெயின் ரோட்டை நோக்கி நடந்து போவது தெரிகிறது. அதற்குப் பிறகு எங்கேயும் பதிவில்லை. பச்சைச் சுங்குடிப் புடவை, கையில் ஒரு மஞ்சள் பை. செல்போன் வீட்டிலேயே இருக்கிறது. காசு கொண்டு போனதாகத் தெரியவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், முழங்கால் வலியும் உண்டு.

ஸ்டேஷனில் மனு வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். ஒரு எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) எங்களோடு தெருத்தெருவாக வந்து கேமராக்களைப் பார்த்தார். அவர்கள் தேடுகிறார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் சி.எஸ்.ஆர். மட்டும் போதுமா, எஃப்.ஐ.ஆர். கேட்க வேண்டுமா? போலீஸ் பார்க்காத எந்த இடங்களை நாங்கள் பார்க்க வேண்டும்? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ராஜகீழ்ப்பாக்கம்_ரவுண்ட்:

அக்கா, எங்கள் குடியிருப்பு சங்கத்தில் இருந்து பத்துப் பேர் டூவீலரில் கிளம்புகிறோம். படத்தைப் போடுங்கள். உங்கள் நம்பரையும் சேர்த்து எல்லா குரூப்பிலும் தட்டிவிடுகிறோம்.

நினைவக_செவிலி:

ஒரு நிமிடம் பொறுங்கள் தம்பி, கிளம்புவதற்கு முன் இதைப் படியுங்கள். மறதி நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் வேலை செய்கிறேன். இவர்களைத் தேடும்போது "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே வண்டியில் போவதால் பெரும்பாலும் பயனில்லை. பக்கத்தில் இருந்தாலும் பதில் குரல் கொடுக்க மாட்டார்கள். கூப்பிடுவது தன்னைத்தான் என்று தோன்றாது, சிலர் பயந்து ஒதுங்கியும் கொள்வார்கள். நேராக நடந்துகொண்டே போய், வழி அடைபடும் இடத்தில் நின்றுவிடுவார்கள். முள்வேலி, சீமைக்கருவேலம் மண்டிய காலிமனை, பாதி கட்டிய வீடு, ஏரிக்கரை, மழைநீர் கால்வாய், கோயில் மண்டபத்தின் பின்பக்கம், நிறுத்தி வைத்த லாரிகளுக்கு நடுவில். வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, இறங்கி, குனிந்து பார்க்க வேண்டிய இடங்கள் இவை. நடந்தே போனவர்கள் பெரும்பாலும் கடைசியாகப் பார்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறார்கள். ஒரு தடவை பார்த்த இடத்தை மறுநாள் மறுபடியும் பாருங்கள். அவர்கள் இடம் மாறியிருப்பார்கள்.

சகோதரி, உங்களிடம் ஒரு கேள்வி. அம்மா அடிக்கடி "வீட்டுக்குப் போகணும்" என்று சொல்வாரா? சொன்னால், எந்த வீடு?

கிழக்குத்தாம்பரம்_மகள்:

தினமும் சொல்வார். சாயங்காலம் ஆனால் "ஷிஃப்ட் முடிஞ்சு வந்துடுவார், சோறு வடிக்கணும்" என்று கிளம்பிவிடுவார். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. ரிட்டயர் ஆகும் வரைக்கும் அங்கே குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். ஆனால் அது பெரம்பூர் பக்கம், இங்கிருந்து எவ்வளவு தூரம்! முழங்கால் வலியோடு எப்படிப் போயிருக்க முடியும்?

சிட்டிபஸ்_நடத்துநர்:

போயிருக்க முடியும்மா. 2021 மே மாதத்தில் இருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. காசில்லை என்பதால் யாரும் இறக்கிவிடப் போவதில்லை. கை காட்டினால் ஏற்றுவோம், கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்போம், எங்கே போகிறீர்கள் என்று ரொம்பவும் துருவ மாட்டோம். விடியற்காலையில் கூட்டம் இருக்காது, வயதான அம்மா தனியாக ஏறியிருந்தால் நடத்துநருக்கு நினைவிருக்கும்.

செய்ய வேண்டியது இது. கேமராவில் அவர் தெரிந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்த ஒரு மணி நேரத்தில் உங்கள் மெயின் ரோடு வழியாகப் போன வண்டிகள் எவை, அதில் டியூட்டி யார் என்பது டைம் கீப்பரிடம் இருக்கும். பஸ் நிலையத்தில் போய்க் கேளுங்கள், ஸ்டேஷன்காரர் ஒருவர் கூட வந்தால் உடனே சொல்வார்கள். இப்போது பல வண்டிகளில் கேமராவும் இருக்கிறது. அதன் பதிவு போலீஸ் கடிதம் கொடுத்தால்தான் கிடைக்கும், பழைய பதிவு அழிந்துகொண்டே வரும் என்பதால் இன்றைக்கே கேளுங்கள். எங்கள் ஆட்கள் குரூப்பில் நானும் போடுகிறேன்.

பழைய_ஏட்டு:

அம்மாடி, நான் காவலராகச் சேர்ந்து, ஏட்டாக இருந்து, எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன். காணாமல் போனவர்கள் வழக்கு நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படி.

முதலில் எஃப்.ஐ.ஆர். கேள். காணாமல் போவது ஒரு குற்றம் இல்லை என்றாலும், நம் மாநிலத்தில் 'பெண் காணவில்லை' என்று தலைப்புப் போட்டே எஃப்.ஐ.ஆர். பதிவு செய்கிற வழக்கம் இருக்கிறது. 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது. எஃப்.ஐ.ஆர். ஆன பிறகுதான் ஒரு விசாரணை அதிகாரி பொறுப்பில் வழக்கு நிற்கும், மற்ற ஸ்டேஷன்களுக்கு முறையாகத் தகவல் போகும், அடையாளம் தெரியாதவர்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சண்டை போடாமல், எஸ்.எஸ்.ஐ.யிடமே பக்குவமாகக் கேள். அவருக்கும் கடிதம் எழுத அது உதவும்.

அடுத்தது எல்லை. 2022ல் சென்னையைப் பிரித்து தாம்பரம், ஆவடி என்று தனித்தனி கமிஷனர் அலுவலகம் வந்துவிட்டது. நீ மனு கொடுத்தது தாம்பரத்தில். அம்மா பெரம்பூர் பக்கம் போயிருந்தால் அது சென்னை. ரயில் ஏறியிருந்தால் ரயில்வே போலீஸ், அது தனி நிர்வாகம். தகவல் போய்ச் சேரும்தான், ஆனால் நீ அதை நம்பி உட்கார்ந்திருக்காதே. தாம்பரம், எழும்பூர், சென்ட்ரல் ரயில்வே போலீஸ் மூன்று பேரிடமும் ஆளை அனுப்பி நோட்டீஸ் கொடு. ரயில்வே உதவிக்கு 139. சென்னைப் போலீசில் 'காவல் கரங்கள்' என்று 2021ல் ஆரம்பித்த ஒரு பிரிவு இருக்கிறது. ரோட்டில் ஆதரவில்லாமல் இருப்பவர்களை மீட்டுக் காப்பகத்தில் சேர்ப்பது அவர்கள் வேலை. அவர்களிடம் கட்டாயம் சொல். முதியோர் உதவி எண் 14567க்கும் போன் போட்டுப் பதிவு செய்.

இப்போது நான் சொல்வதுதான் முக்கியம். மனுவில் அம்மாவின் பெயரை எப்படி எழுதினாய்? ஆதாரில் உள்ளபடி, இன்னாரின் மனைவி, கிழக்குத் தாம்பரம் முகவரி என்றுதானே? இந்த நோய் வந்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கல்யாணத்துக்கு முந்தைய காலம்தான் அவர்களுக்குத் தெளிவாக இருக்கும். அப்பா பெயர், பிறந்த ஊர், வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயர் இவற்றைத்தான் சொல்வார்கள். வயது கேட்டால் முப்பது என்பார்கள். பிள்ளைகள் இருக்கிறார்களா என்றால் "சின்னப் பிள்ளைங்க, ஸ்கூல் போயிருக்காங்க" என்பார்கள். அந்தப்பக்கம் ஸ்டேஷன்காரர் அதை எழுதி வைத்திருப்பார். உன் நோட்டீஸில் இருப்பது வேறு. இரண்டும் ஒரே ஆள் என்று யாருக்குத் தோன்றும்? ஆகவே அம்மாவின் தகப்பனார் பெயர், பிறந்த ஊர், தெரு, குலதெய்வம் கோயில், பழைய குவார்ட்டர்ஸ் எல்லாவற்றையும் ஒரு துணை மனுவாக எழுதிக் கொடு.

உடம்பில் பச்சை குத்தியிருக்கிறாரா? அந்தக் காலத்துப் பெண்களுக்குக் கையில் கோலமோ தேளோ இருக்கும், அதை எழுது. தோடு, மூக்குத்தி பற்றி நோட்டீஸில் போடாதே, போலீசிடம் மட்டும் சொல். படம் சமீபத்தியதாக, வீட்டில் சாதாரணமாக இருக்கிறபோது எடுத்ததாக இருக்கட்டும். பட்டுப்புடவையில், தலைவாரிப் பூ வைத்த கல்யாண வீட்டுப் படம் வேண்டாம். ஒரு ராத்திரி வெளியில் இருந்தவர் அப்படித் தெரிய மாட்டார்.

கேமரா பார்க்கும்போது டி.வி.ஆர். (பதிவுப் பெட்டி) காட்டும் நேரத்தை உன் செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை எழுதிக்கொள். கடைக் கேமராக்களில் அரை மணி, ஒரு மணி நேரம்கூடத் தப்பாக ஓடும். அந்த வித்தியாசம் தெரியாமல்தான் தவறான பஸ்ஸைத் தேடிப் போவோம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் வரவேற்பில் மட்டும் கேட்காதே. 108ல் வந்து பெயர் சொல்ல முடியாதவர்களை 'அடையாளம் தெரியாத பெண், சுமார் 65 வயது' என்று பதிந்திருப்பார்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ஆஸ்பத்திரியில் இருக்கும் போலீஸ் அவுட்போஸ்ட்டில் கேள், பெண்கள் வார்டுக்குள் போய்க் கண்ணால் பார். பிணவறைப் பதிவேட்டையும் யாராவது ஒரு ஆண்பிள்ளை, உறவுக்காரர், பார்த்துவரட்டும். நீ போக வேண்டாம்.

ராஜகீழ்ப்பாக்கம் தம்பி, வீட்டுப் பெண்ணின் சொந்த நம்பரை எல்லாக் குரூப்பிலும் போடாதே. "உங்க அம்மா எங்ககிட்டதான் இருக்காங்க, ஆஸ்பத்திரி செலவுக்கு ஜி.பே. பண்ணுங்க" என்று போன் வரும். பதறிப்போன நேரத்தில் யாரும் பணம் அனுப்பிவிடுவார்கள். ஸ்டேஷன் நம்பரையும், இதற்கென்று ஒரு தனி சிம் நம்பரையும் போடுங்கள். யார் போன் செய்தாலும் வீடியோ காலில் அம்மாவைக் காட்டச் சொல்லுங்கள்.

பெயரிலி_பார்வையாளர்:

வயசான அம்மாவை இப்படியா கவனிக்காமல் விடுவது? இந்தக் காலத்துப் பிள்ளைகள்...

நினைவக_செவிலி:

இந்த நேரத்தில் இதை எழுத உங்களுக்கு எப்படி மனது வந்தது? நாடு முழுக்க எடுத்த ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்று 2023ல் கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். 24 மணி நேரமும் ஒருவர் விழித்திருந்தால்தான் இவர்களைக் காவல் காக்க முடியும், எந்தக் குடும்பத்தால் அது முடியும்? பூட்டி வைத்தால் வேறு விதமான ஆபத்து. தேட வர முடிந்தால் வாருங்கள், முடியாவிட்டால் சும்மா இருங்கள்.

மாடம்பாக்கம்_ஏரிக்கரை:

எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். எங்கள் பகுதி குரூப்பில் காலையில் இருந்து "மஞ்சள் பையோடு ஒரு கிழவி ஸ்கூல் பக்கம் சுற்றுகிறாள், பிள்ளை பிடிப்பவளாக இருக்கலாம்" என்று ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. அது இந்த அம்மாவாகவே இருக்கலாம் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு பதறுகிறது. 2018 மே மாதத்தில் போளூர் பக்கம் அத்திமூரில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம், வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததற்காக, பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊரே சேர்ந்து அடித்தது. 65 வயதான அம்மா செத்தே போனார். அதற்கும் காரணம் இதே மாதிரி வாட்ஸ்அப் செய்திகள்தான். அந்தக் குரல் பதிவு உங்கள் குரூப்பில் வந்தால் உடனே கீழே இந்த அம்மாவின் படத்தைப் போடுங்கள். தெரியாத வயதானவரைப் பார்த்தால் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, 112க்குச் சொல்லுங்கள்.

கிழக்குத்தாம்பரம்_மகள்:

மாடம்பாக்கத்துக்காரரே, அந்தக் குரல் பதிவை எஸ்.எஸ்.ஐ.க்கு அனுப்பிவிட்டேன். அது வேறு ஒரு பாட்டி, பழைய பேப்பர் எடுப்பவர், பத்திரமாக இருக்கிறாராம்.

ஏட்டையா, எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். துணை மனுவும் கொடுத்தேன். அம்மா பிறந்தது குத்தாலம். தாத்தா பெயர், அக்கிரகாரத்துக்குப் பின்தெரு, எல்லாம் எழுதினேன். இடது முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருப்பதையும் எழுதினேன். அது எனக்கு இத்தனை வருடமாகப் பழகிப்போய் அடையாளமாகவே தோன்றவில்லை. நடத்துநர் அண்ணன் சொன்ன மாதிரி பஸ் நிலையத்தில் கேட்டோம். முதல் டிரிப்பில் ஒரு அம்மா ஏறி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் இறங்கியது நினைவிருக்கிறது என்று ஒரு நடத்துநர் சொன்னார். என் தம்பி சென்ட்ரலுக்கும் பெரம்பூருக்கும் போயிருக்கிறான்.

வில்லிவாக்கம்வாசி:

பெரம்பூர் லோகோ, கேரேஜ் ஒர்க்ஸ், வில்லிவாக்கம், இந்த மூன்று ஸ்டேஷன் நடைமேடையும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஐ.சி.எஃப். காலனியில் எனக்கு ஆள் பழக்கம் உண்டு. எந்தத் தெரு குவார்ட்டர்ஸ் என்று தனியாகச் சொல்லுங்கள்.

கிழக்குத்தாம்பரம்_மகள்:

அம்மா கிடைத்துவிட்டார். பத்திரமாக இருக்கிறார்.

தாம்பரத்தில் ரயில் ஏறி, பார்க்கில் இறங்கி, ரோட்டைத் தாண்டி சென்ட்ரல் பக்கம் போய், பெரம்பூர் ரயிலைப் பிடித்திருக்கிறார். அந்த வழி மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை. நடைமேடையில் உட்கார்ந்திருந்தவரை ரயில்வே பெண் காவலர் ஒருவர் விசாரித்திருக்கிறார். குத்தாலம், தாத்தா பெயர், "அவர் ஃபேக்டரியில இருக்கார்" இவ்வளவுதான் சொல்லியிருக்கிறார். வீட்டு முகவரி சொல்லத் தெரியவில்லை. காவல் கரங்கள் மூலமாக வடசென்னையில் ஒரு காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். முதல் நோட்டீஸ் அங்கேயும் போயிருக்கிறது, ஆனால் பெயர் ஒத்துப்போகவில்லை. துணை மனுவில் இருந்த குத்தாலமும் கைப்பச்சையும் பார்த்துத்தான் போன் செய்தார்கள். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது, சர்க்கரை ஏறியிருக்கிறது, டாக்டர் பார்த்துவிட்டார். என்னைப் பார்த்ததும் "நீ ஏன் ஸ்கூலுக்குப் போகல" என்று கேட்டார்.

எஸ்.எஸ்.ஐ. சாருக்கும், அந்தப் பெண் காவலருக்கும், காப்பகத்தில் அம்மாவுக்குத் தலைவாரிப் பின்னி விட்டிருந்த அந்த அக்காவுக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் எல்லோருக்கும்தான்.

பழைய_ஏட்டு:

ரொம்ப சந்தோஷம்மா. நாளைக்கு அம்மாவை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய், கிடைத்துவிட்டார் என்று வாக்குமூலம் கொடுத்து வழக்கை முடித்து வை. நடக்க முடியாவிட்டால் எஸ்.எஸ்.ஐ.யை வீட்டுக்கு வரச் சொல், வருவார். முடிக்காமல் விட்டால் பதிவேட்டில் காணவில்லை என்றே நிற்கும்.

நினைவக_செவிலி:

கேட்டுக்குப் பூட்டை விட ஒரு மணி கட்டுங்கள், திறந்தால் சத்தம் வரட்டும். கழுத்தில் அட்டை மாட்டினால் கழற்றி எறிந்துவிடுவார்கள். உள்பாவாடைப் பட்டியிலும் ரவிக்கை உள்பக்கத்திலும் போன் நம்பரைத் துணியில் எழுதித் தைத்துவிடுங்கள்.

கிழக்குத்தாம்பரம்_மகள்:

இன்றைக்கே தைக்கிறேன். கேம்ப் ரோடு, தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒட்டிய நோட்டீஸ்களை என் தம்பி கிழித்துக்கொண்டிருக்கிறான். வேறு எங்காவது பார்த்தால் நீங்களே எடுத்துவிடுங்கள். அம்மாவின் படத்தை அனுப்பிய குரூப்புகளில் 'கிடைத்துவிட்டார்' என்று ஒரு வரி போட்டு, படத்தை அழித்துவிடுங்கள். இன்னும் போன் வந்துகொண்டே இருக்கிறது.