கால் பார்க்: 'நிறுத்தம்' வேண்டாம், 'நங்கூரம்' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

வந்த அழைப்பை ஓர் எண்ணில் வைத்துவிட்டு, வேறு போனிலிருந்து எடுத்துப் பேசும் வசதிதான் கால் பார்க் (call park). அதைத் தமிழில் 'அழைப்பு நிறுத்தம்' எனலாம் என்று நம் குழுவின் சென்ற மடலில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார்கள். வண்டி நிறுத்தத்தை மனத்தில் வைத்துச் சொன்னது புரிகிறது. ஆனால் அந்தச் சொல்லை நான் போனிலேயே ஒட்டிப் பார்த்துவிட்டேன்.

போன மாதம் மண்டபத்தில் ஒரு மீன் ஏற்றுமதி அலுவலகத்துக்குப் பத்து ஐபி போன் (கணினி வலை வழியே பேசும் போன்) அமைத்துக் கொடுத்தேன். முன்னால் அலுவலகம், பின்னால் பேக்கிங் கூடம், அதையடுத்து ஐஸ் அறை. விலை கேட்டு யாராவது கூப்பிட்டால், பதில் சொல்ல வேண்டிய ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரியாது. எந்த எக்ஸ்டென்ஷனுக்கு, அதாவது எந்த உள் எண்ணுக்கு, மாற்றுவது? அதற்குத்தான் பார்க். ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருளோடு வரும் மாதிரி அமைப்பில் அழைப்பை 700-க்கு மாற்றினால், 701 முதல் 720 வரை காலியாக உள்ள ஓர் இடத்தில் வைத்து, அந்த எண்ணைச் சொல்லும். நாம் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தால், அவர் கைக்கெட்டிய போனில் 701 அழுத்திப் பேசலாம். 45 நொடிக்குள் யாரும் எடுக்காவிட்டால் வைத்தவருக்கே திரும்ப மணி அடிக்கும். ஹோல்ட் வேறு, வைத்த போனிலேயேதான் எடுக்க வேண்டும். அதற்குக் 'காக்கவை' போதும்.

பார்க் பொத்தானில் 'நிறுத்து' என்று தாள் ஒட்டினேன். கணக்கு பார்க்கும் அக்கா ஒரு வாரம் அதைத் தொடவே இல்லை. கேட்டதற்கு, "தம்பி, அதை அமுக்குனா லைன் கட்டாயிரும்ல?" என்றார். அவர் படித்தது சரி, நான் வைத்த பெயர்தான் தவறு.

'துறை' என்றும் யோசித்தேன். படகு அணையும் இடம், அழகான சொல். ஆனால் அலுவலகத்துக்குள் துறை என்றால் டிபார்ட்மெண்ட் என்றுதான் காதில் விழும்.

அப்புறம்தான் 'நங்கூரம்'. பாம்பனிலும் ராமேசுவரத்திலும் விசைப்படகுகள் கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டுக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் பல படகுகள் அப்படித்தான். தொழில் நின்றிருந்தாலும் படகு போய்விட்டது என்று யாரும் நினைப்பதில்லை. அழைப்பும் அறுந்துவிடவில்லை, ஓரிடத்தில் இருக்கிறது, போய் எடுக்கலாம் என்பது இந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

நங்கூரம் பாரசீக வழி வந்த சொல் என்று தள்ளிவிடாதீர்கள். இந்தக் கடற்கரையில் அது தெரியாத பிள்ளை கிடையாது. கலைச்சொல்லுக்கு முதல் தகுதி, பொத்தானை அமுக்கப் போகிறவருக்குப் புரிவது என்றே நினைக்கிறேன்.

இப்போது 701, 702 பொத்தான்களில் 'நங்கூரம் 1', 'நங்கூரம் 2' என்று ஒட்டியிருக்கிறேன். அழைப்பு இருந்தால் விளக்கு எரியும். "நங்கூரம் ரெண்டுல கொச்சிக்காரரு!" என்று அக்கா கூடத்துக்குக் குரல் கொடுக்கிறார்.

திரும்ப எடுப்பதற்குத்தான் வினைச்சொல் முடிவாகவில்லை. 'நங்கூரம் எடு' என்பதா, 'நங்கூரம் தூக்கு' என்பதா? கடலோர நண்பர்கள் உங்கள் ஊர் வழக்கை எழுதுங்கள்.