சென்னை–மதுரை: வாசல் முதல் வாசல் வரை உண்மையில் எத்தனை மணி நேரம்?

குழுவினருக்கு வணக்கம். முதியவர்களை அழைத்துச் செல்வோருக்காக இந்தத் தடத்துக்கு ஒரு நேரக் கணக்கு தயாராகிறது. சில இடங்களில் உங்கள் அனுபவ நேரம் தேவை.

நேர்கோட்டில் சுமார் 420 கி.மீ., சாலையில் சுமார் 460. விமானத்துக்குப் பல இணையதளங்கள் 420-ஐ மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்து "அரை மணி நேரம்" என்று போட்டுவிடுகின்றன. அதை நம்பித் திட்டமிட வேண்டாம். ஓடுபாதைக்கு ஊர்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அதில் இல்லை. ஏடிஆர் எனப்படும் சிறிய புரொப்பெல்லர் விமானமாக இருந்தால் வேகமே சுமார் 500தான். டிக்கெட்டில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் இருக்கும். பெட்டி போடும் கவுண்டர் பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடிவிடும். சக்கர நாற்காலி தேவையென்றால் 2 மணி நேரம் முன்பே போய்விடுவது நல்லது. இரு பக்கமும் டாக்ஸி நேரத்தைச் சேர்த்தால் 5 மணி நேரம் ஆகிவிடுகிறது.

காரில் திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, திருச்சி, மேலூர் வழியாக, இரண்டு நிறுத்தங்களோடு 8 மணி நேரம். கணக்கு உதைப்பது தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைதான்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

வெள்ளி மாலை 6 மணிக்குப் பெருங்களத்தூரில் கிளம்பினால் பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்ட எவ்வளவு நேரம்? அதிகாலை 4 மணிக்கு?

மதுரை விமான நிலையத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு, மாலையில் ரிங் ரோடு வழியா, ஊருக்குள்ளேயா, எது சீக்கிரம்?

கிழமை, கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். பண்டிகை நாள் என்றால் தனியாகக் குறிப்பிடுங்கள், சராசரியில் சேர்க்க முடியாது.