பட்டம் வாங்கி ஆறு மாதம் தாண்டினால் ரெஸ்யூமே குப்பைக்குத்தானா?

வெண்ணிலா:
இந்த மன்றத்தின் வேலை தேடுவோர் திரியில் (விவாத இழையில்) கரிகாலன் எழுதியிருந்தார்: "படிப்பு முடிந்து ஆறு மாதம் சும்மா இருந்தால் அப்புறம் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்." அதைப் படித்ததிலிருந்து என் தம்பிக்குத் தூக்கம் போச்சு. நடுராத்திரியில் மின்னஞ்சலைத் திறந்து, ஸ்பேம் பெட்டிவரை துழாவிவிட்டு மூடுகிறான். இப்படிப் பயமுறுத்த என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்?

கரிகாலன்:
ஆதாரம் இல்லாமல் நான் பேசுவதில்லை. அமெரிக்காவில் குரோஃப்ட், லாங்கே, நோட்டோவிடிக்டோ என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் சுமார் 3,000 வேலை விளம்பரங்களுக்குப் போலி ரெஸ்யூமே அனுப்பிப் பார்த்தார்கள். 2013இல் வெளியான ஆய்வு. வேலையில்லாத மாதங்கள் கூடக் கூட நேர்காணலுக்கு வரும் அழைப்பு குறைந்தது. சரிவில் பெரும்பகுதி முதல் எட்டு மாதத்துக்குள். தேடிப் படியுங்கள்.

வெண்ணிலா:
எட்டு என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆறு எங்கிருந்து வந்தது? அழைப்பு குறைந்தது என்றால் எவனும் பார்க்கவில்லை என்று அர்த்தமா?

கரிகாலன்:
எட்டுக்குள் ஆறு அடக்கம்தானே? ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்து கட்டுக்கட்டாக ரெஸ்யூமே பார்த்தவன் நான். தேதியில் இடைவெளி தெரிந்தால் கை தானாக அடுத்ததற்குப் போய்விடும்.

இளவழகன்:
அண்ணே, அந்த ஆய்வில் அனுப்பிய ரெஸ்யூமேக்களில் பழைய வேலை இருந்தது. வேலையை விட்டு எத்தனை மாதம் ஆனது என்றுதான் கணக்குப் பார்த்தார்கள். இப்போதுதான் கல்லூரியை விட்டு வந்தவனுக்கு அதை எப்படிப் பொருத்துகிறீர்கள்? ஃபார்பர், சில்வர்மேன், ஃபான் வாக்டர் என்ற ஆய்வாளர்களும் பட்டதாரிப் பெண்கள் பெயரில் இதே மாதிரி அனுப்பினார்கள்; 2016இல் வெளியான ஆய்வு. வேலையில்லாத காலம் நீண்டதால் அழைப்பு குறையவில்லை. இதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கரிகாலன்:
அது அலுவலக உதவியாளர் வேலைக்கு மட்டும் நடந்தது.

இளவழகன்:
நீங்கள் காட்டிய ஆய்வும் அலுவலக வேலை, விற்பனை, வாடிக்கையாளர் சேவைக்குத்தான்!

கரிகாலன்:
சான்றிதழ் படிப்பு வீண் என்று வேறொரு திரியில் நான் சொன்னபோதும் இப்படித்தான் குதித்தீர்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை போல.

இளவழகன்:
அங்கேயும் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

மாறன்:
புதியவர்களுக்கான வேலை என்று போட்டுவிட்டு இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்களே, அதை யாராவது பேசுங்கள். பொருளாதார மந்தத்தில் படிப்பை முடித்தவர்களின் சம்பளம் பல வருடம் பின்தங்கியே இருந்ததைக் கனடாவில் கண்டறிந்திருக்கிறார்கள். அதுவும் அந்தப் பிள்ளைகளின் சோம்பலா?

கரிகாலன்:
சோம்பல் என்று நான் எங்கே சொன்னேன்? வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் எது கிடைத்தாலும் சேர்ந்துவிட வேண்டும். என் அனுபவம் அது.

வெண்ணிலா:
கிடைத்தால் சேர மாட்டானா? கிடைக்கவில்லை என்பதுதானே பிரச்சினை!

கரிகாலன்:
தேடுகிற விதம் சரியில்லை என்று அர்த்தம். நூறு தடவை கேட்டாலும் ஆறு மாதம்தான்.

இளவழகன்:
இப்போது தேடும் விதத்துக்குத் தாவியாயிற்று.

வெண்ணிலா:
அதெல்லாம் வேண்டாம். அந்த ஆறு எந்த ஆய்வில் இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள்.

கரிகாலன்:
முதலில் மேலே நான் எழுதியதை ஒழுங்காகப் படித்துவிட்டு வாருங்கள்.