கலைச்சொல்: ‘பாடி-கிரிப்பிங் டிராப்’ – உடல்பிடியா, நெரிபொறியா, உடல்கவ்வியா?

மடல் 1 – மு.

அனைவருக்கும் வணக்கம்.

வட அமெரிக்க ஆறு, ஓடை, சதுப்புகளில் பீவர் (மரம் கடித்து அணை கட்டும் பெரிய கொறிணி), கஸ்தூரி எலி, மிங்க் (கீரிபோல் மெலிந்த சிறு ஊனுண்ணி) ஆகியவற்றுக்கு வைக்கும் பொறிகளைச் சோதிப்பது, திருத்துவது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ‘பாடி-கிரிப்பிங் டிராப்’ என்பதற்கு ‘உடல்பிடி பொறி’ என்று எழுதினேன். மனம் ஒப்பவில்லை. தமிழில் ‘பிடித்தான்’ என்றால் உயிரோடு பிடித்தான் என்றே பொருள்படும். இது கொல்வதற்கென்றே செய்த கருவி.

பார்த்திராதவர்களுக்கு: இரண்டு சதுரக் கம்பிச் சட்டங்களைப் பக்கவாட்டில் நடுவே ஆணியால் கோத்திருப்பார்கள். அவை கத்தரிபோல் சுழலும். பக்கத்தில் ஒன்றோ இரண்டோ ‘வி’ வடிவ வில். வில்லின் இரு முனை வளையங்களும் சட்டக் கம்பிமேல் ஓடிச் சட்டங்களை அடித்து மூடும். கனடாவின் ஃபிராங்க் கோனிபேர் வடிவமைத்து 1950களின் இறுதியில் சந்தைக்கு வந்ததால் ‘கோனிபேர்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. 110 எண் ஏறத்தாழ 5 அங்குலச் சதுரம், ஒரு வில். 120 அதே அளவில் இரண்டு வில். 220 என்பது 7 அங்குலம், 330 என்பது 10 அங்குலம். கஸ்தூரி எலிக்கு 110, பீவருக்கு 330.

ஜா (அடித்து மூடும் சட்டம்), டாக் (விரித்த பொறியை மூடாமல் பிடித்து நிறுத்தும் உறுப்பு), டிரிகர் (விலங்கு பட்டதும் அந்தப் பிடியை விடுவிப்பது), சேஃப்டி ஹுக் ஆகியவற்றுக்கும் சொல் வேண்டும்.

மடல் 2 – த.

மு. ஐயாவுக்கு,

‘நெரிபொறி’ என்று வைக்கலாமே. நெரித்த பொறி, நெரிக்கும் பொறி, நெரிக்கப்போகும் பொறி என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. ஆகவே ‘நெரிப்பொறி’ என்று ஒற்று மிகுத்து எழுத வேண்டாம். சிறிய சொல், கொல்வதும் விளங்கிவிடுகிறது.

பழஞ்சொல் வேண்டுமானால் ‘அடார்’ இருக்கிறது. நற்றிணை 119இல் ‘சிறு பொறி மாட்டிய பெருங்கல் அடாஅர்’ என்று வருகிறது. தினை தின்ன வரும் பன்றிக்குப் புனவன் வைத்ததில் புலி விழுகிறது.

மடல் 3 – ச.

த. அவர்களுக்கு, இரண்டையும் மறுக்கிறேன்.

அடார் என்பது பாரம் மேலிருந்து விழுந்து கொல்லும் பொறி. ஆங்கிலத்தில் அதற்கு ‘டெட்ஃபால்’ என்று தனிப்பெயர் உண்டு. வடக்குக் காடுகளில் மரக்கட்டையால் செய்த அடார்கள் நெடுங்காலம் புழங்கியவை. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைப்போம், பொருத்தம் அப்படியே இருக்கிறது. அந்த அடியில் எனக்குப் பயன்படுவது வேறு. அங்கே முழுக்கருவி அடார், அதைத் தாங்கி நிற்கும் சின்ன அமைப்புதான் பொறி. இன்று எலிப்பொறி என்று முழுக்கருவியையே சொல்கிறோம். எனவே டிரிகரைப் ‘பொறி’ என்று எழுதினால் குழப்பம். அது ‘விசை’யாக இருக்கட்டும். துப்பாக்கிக்கும் அதுவே.

‘நெரி’ என்றதும் கழுத்தைச் சுற்றி இறுகுவதுதான் நினைவுக்கு வரும். அது சுருக்குக் கண்ணி செய்யும் வேலை. இந்தப் பொறியை மதிப்பிடுகிறவர்கள் இரண்டு அளவுகளைத் தனித்தனியே எடுக்கிறார்கள். சட்டம் வந்து மோதும் வேகமும் எடையும் சேர்ந்தது ஒன்று. மோதிய பிறகு விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும் விசை இன்னொன்று. முன்னதை ‘மோது உந்தம்’, பின்னதை ‘இறுக்கு விசை’ என்று நான் எழுதுவேன். நெரிப்பில் பின்னது மட்டுமே இருக்கிறது.

என் முன்மொழிவு ‘உடல்கவ்வி’. முதன்மைக் காரணம் அதன் இணை: ‘ஃபுட்ஹோல்ட்’ பொறிக்குக் ‘கால்கவ்வி’ என்றால் இரண்டும் சேர்ந்து நிற்கும். நீர்நிலையில் இரண்டையும் வைக்கிறார்கள் என்பதால் இந்த வேறுபாடு ஒவ்வொரு பக்கத்திலும் தேவைப்படும்.

கொல்வது தெரிய வேண்டும் என்ற மு. ஐயாவின் கவலை நியாயமானது. ஆனால் அதை மேல்வகைப் பெயரில் வைக்கலாம். 1997–98இல் ஐரோப்பிய ஒன்றியம், கனடா, ரஷ்யா கையெழுத்திட்ட மனிதநேயப் பொறித் தர ஒப்பந்தம், பொறிகளைக் கொல்பவை, பிடித்துவைப்பவை என்றே பிரிக்கிறது. ‘கொல்பொறி’, ‘தளைப்பொறி’ போதும். கொல்பொறி ஒன்று தேற, குறைந்தது 12 விலங்குகளில் சோதித்து, 80 விழுக்காடாவது காலவரம்புக்குள் நினைவிழந்திருக்க வேண்டும். வரம்பு எர்மினுக்கு 45 நொடி, மார்ட்டனுக்கு 120 (இரண்டும் மிங்க்கின் உறவினங்கள்), மற்றவற்றுக்கு 300. கண்ணிமையையும் விழிவெண்படலத்தையும் தொட்டால் கண் சிமிட்டுகிறதா என்று பார்த்தே நினைவிழப்பை உறுதிசெய்கிறார்கள்.

உறுப்புகள்: ஜா – சட்டம் (பல்லும் இல்லை, வாயும் இல்லை, ‘தாடை’ கால்கவ்விக்குத்தான் பொருந்தும்). ஸ்பிரிங் – வில். டாக் – கொண்டி. அதில் வெட்டியிருக்கும் பள்ளம் – காடி. டிரிகர் கம்பி – விசைக்கம்பி. ரிவெட் – தறையாணி.

மடல் 4 – மு.

ச. அம்மா சொன்ன சொற்கள் தாங்குகின்றனவா என்று பார்க்கச் சோதனைப் பகுதியை எழுதிப் பார்த்தேன்:

“உடல்கவ்வியை மூடிய நிலையில் சமதளத்தில் வை. சட்டம் முறுக்கிக்கொண்டிருந்தால் ஒரு மூலை எழும்பி நிற்கும். தறையாணி ஆடுகிறதா என்று அசைத்துப் பார். ஆடினால் சட்டங்கள் கோணலாக மூடும், இறுக்கு விசை ஒரு பக்கமே விழும். இரட்டை வில் பொறியில் இரண்டு வில்லையும் ஒரே அளவுக்கு அழுத்தித் தராசால் ஒப்பிடு. ஒன்று தளர்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்று. மூடிய சட்டங்களுக்கிடையே உள்ள இடைவெளியைப் பார். பெரிய விலங்குக்கு அது பொருட்டில்லை. மிங்க் போன்ற மெல்லிய உடலுக்கு அதுவே குறை. மோதல் கிடைக்கும், இறுக்கம் கிடைக்காது. கொண்டியின் காடி விளிம்பு மழுங்கியிருந்தால் பொறி கைபட்டதும் அடிக்கும். பிசிறு இருந்தால் அடிக்கவே அடிக்காது. பிசிறை மெல்லிய அரத்தால் எடு, காடியை ஆழப்படுத்தாதே. கடைசியாக, தொட்டி நீரில் முழுக்கிக் காய்ந்த குச்சியால் விசைக்கம்பியைத் தட்டு. தரையில் பளிச்சென்று அடிப்பது நீரில் தயங்கும்.”

எழுத வருகிறது. ‘பொறி அடித்தது’ என்பதை ‘ஃபயர்’ என்பதற்கு வைத்தேன், எலிப்பொறிக்குச் சொல்வதுதான்.

‘சேஃப்டி ஹுக்’ மட்டும் முட்டுகிறது. ‘காப்புக் கொக்கி’ என்றேன். விலங்கைக் காப்பதா, ஆளைக் காப்பதா?

மடல் 5 – வ.

ஆளைக் காப்பதுதான். வில்லை அழுத்திய நிலையில் அந்த வில்லின் இரு கைகளையும் சேர்த்துப் பூட்டிவைக்கும் கொக்கி அது. ‘வில்பூட்டு’ என்றால் வேலையே பெயராகிவிடும். பொறியை வைத்து முடித்த பின் எடுக்கவேண்டியது அதைத்தான். மறந்தால் பொறி பாதி வலுவில் அடிக்கும், அல்லது அடிக்காது. 330ஐ வெறுங்கையால் விரிப்பது விபத்துக்கு அழைப்பு. நீண்ட பிடியுள்ள இடுக்கி வேண்டும். (பொறிக்கே ‘இடுக்கிப்பொறி’ என்று பெயர் வைக்காததற்கு இது ஒன்றே போதுமான காரணம்.) கை மாட்டிக்கொண்டால் வில்லின் இரு வளையங்களிலும் கயிற்றைக் கோத்து, ஒரு முனையைக் காலால் மிதித்து மறு முனையை இழுத்து அழுத்துவார்கள். கையேட்டில் இந்தக் குறிப்புப் படத்தோடு வரட்டும்.

திருத்தங்கள் பற்றிய இயலில் சேர்க்கவேண்டியவை சில உண்டு.

இடைவெளியைக் குறைக்கச் சட்டத்தில் கூடுதல் கம்பி பற்றவைக்கிறார்கள். எடை கூடினால் மோது உந்தமும் கூடும் என்று எல்லோரும் நினைப்பதுண்டு. வில்லுக்கு அந்தத் திராணி இல்லாவிட்டால் சட்டம் மெதுவாகும், லாபமில்லை. பற்றவைக்கும் முன் வில்லைக் கழற்றிவிட வேண்டும். சூடு ஏறினால் எஃகின் பதம் போய்விடும், பிறகு அது வெறும் வளைந்த கம்பி. கனடாவில் பொறிக்கான தரச் சான்று, குறிப்பிட்ட தயாரிப்புக்கும் மாதிரிக்கும் தரப்படுவது. சட்டத்தையும் வில்லையும் மாற்றிவிட்டு அதே சான்றைக் காட்ட முடியாது. இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

புதுப் பொறியில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். சலவைச் சோடா கலந்த நீரில் கொதிக்கவைத்து அதை எடுத்து, லேசாகத் துரு ஏறவிட்டுப் பிறகு சாயம் ஏற்றுவார்கள். கால்கவ்விக்கு அதன்மேல் மெழுகு பூசுவது வழக்கம். உடல்கவ்விக்கு அதை அப்படியே பெயர்க்காதீர்கள்: கொண்டியும் விசையும் உராய்வை நம்பி நிற்பவை, மெழுகு வழுக்கினால் கையிலேயே அடித்துவிடும்.

விசை தளர்ந்திருந்தால் ஓட்டத்தில் வரும் இலைதழையே போதும், வெறும் பொறி மூடிக் கிடக்கும். விசைக்கம்பியைச் சட்டத்தில் பிடித்திருக்கும் விசைப்பிடியை லேசாக நசுக்கி இறுக்க வேண்டும். பீவருக்கு வைத்ததில் நீர்நாய் சிக்காதிருக்க, நடுவில் தொங்கும் விசையை ஓரத்துக்கு நகர்த்தி, கம்பிகளைச் சட்டத்தின் பக்கத்தோடு இணையாக வளைப்பது உண்டு. ஒல்லியான நீர்நாய் நடுவே புகுந்து போய்விடும், அகன்ற பீவர் ஓரத்தை உரசும். முழுத் தீர்வல்ல, குறைக்கும். இதை ‘ஓரவிசை’ எனலாம்.

பொறியைத் தாங்கும் ஊன்றுகோல்கள் காய்ந்த மரமாக இருக்கவேண்டும் என்பதையும் சேருங்கள். பச்சை மரம் பீவருக்குத் தீனி, கோலையே கடித்துவிடும்.

மடல் 6 – த.

வ. அவர்களின் மெழுகுக் குறிப்பைப் பார்த்தபின் ‘நெரிபொறி’யைத் திரும்பப் பெறுகிறேன். கால்கவ்வி, உடல்கவ்வி என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் அங்கே எது ஆகும், எது ஆகாது என்பது தெளிவாகிறது.

இலக்கணம் கேட்டால்: உடலைக் கவ்வுவது, இரண்டாம் வேற்றுமைத் தொகை. ‘உடற்கவ்வி’ என்று புணர்த்துவது மரபு. கையேட்டுக்கு ‘உடல்கவ்வி’யே வாசிக்க எளிது.

ஒரு வேண்டுகோள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் பொறிவைப்பதையும் அடக்குகிறது. காவிரியில் இருக்கும் நீர்நாயும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. முன்னுரையில் இது எந்த நாட்டு நடைமுறை என்பது வரட்டும்.

மடல் 7 – மு.

வரும், முதல் பக்கத்திலேயே. பட்டியலில் ஏற்றிவிட்டேன்: உடல்கவ்வி, கால்கவ்வி, கொல்பொறி, தளைப்பொறி, அடார், சட்டம், வில், வில்பூட்டு, கொண்டி, காடி, விசைக்கம்பி, ஓரவிசை, மோது உந்தம், இறுக்கு விசை.

மிச்சம் ஒன்று. பொறிக்கு மேலே நீர்மட்டத்தில் கிடையாக ஒரு கழி கட்டுகிறார்கள், நீந்திவரும் பீவர் அதற்கு அடியில் முங்கிப் பொறிக்குள் நுழைவதற்காக. ‘டைவ் ஸ்டிக்’ என்கிறார்கள். ‘முங்குகழி’ என்று எழுதியிருக்கிறேன். ‘மூழ்கு’ போட்டால் கழியே மூழ்கிக் கிடப்பதாகப் படிப்பார்கள். யாருக்காவது மறுப்பு உண்டா?