உண்ணிக் காய்ச்சல் திரும்பிய நாய்: பிசிஆர் பரிசோதனைக்கு வழி தேவை

மதுரை திருப்பரங்குன்றம் அருகே, கழுத்துப்பட்டையுடன் சாலையோரம் விடப்பட்டிருந்த பெண் லேப்ரடார் ஒன்றைக் கடந்த ஜூன் மாதம் மீட்டேன். வயது ஏறக்குறைய நான்கு, எடை 21 கிலோ. உடலெங்கும் உண்ணிகள் இருந்தன. ஈறுகள் வெளுத்து, மூக்கிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

இரத்தத் தட்டணுக்கள் 38,000 மட்டுமே இருந்தன. விரைவுப் பரிசோதனை அட்டை, உண்ணி பரப்பும் எர்லிகியா என்ற பாக்டீரியாத் தொற்று என்று காட்டியதால், மருத்துவர் எழுதிக்கொடுத்த டாக்ஸிசைக்ளின் மாத்திரையை 28 நாள்கள், ஒரு வேளையும் தவறாமல் கொடுத்தேன். தட்டணுக்கள் 1,90,000 வரை உயர்ந்தன. தத்தெடுக்க ஒரு குடும்பமும் முன்வந்தது. ஆறே வாரங்களில் 104 டிகிரி காய்ச்சல் திரும்பியது. இம்முறை சிறுநீரும் அடர்பழுப்பாகப் போவதால், உண்ணி பரப்பும் மற்றோர் இரத்த ஒட்டுண்ணியான பபேசியாவும் சேர்ந்திருக்கலாம் என்று மருத்துவர் ஐயப்படுகிறார். அந்தக் குடும்பம் இப்போது தயங்குகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

உண்ணி மாத்திரை கொடுத்தாயிற்று. வீட்டுச் சுவரிடுக்குகள் வரை மருந்தும் தெளித்தாயிற்று. கண்ணாடித் தகட்டில் இரத்தப்பூச்சு இருமுறை பார்த்தும் ஒட்டுண்ணி தென்படவில்லை. விரைவு அட்டை கண்டறிவது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை என்பதாலும், அது நோய் தீர்ந்த பின்னும் பல மாதங்கள் இரத்தத்தில் தங்கும் என்பதாலும், அதை மறுபடி செய்து பயனில்லை. பபேசியாவுக்கான மருந்து வேறு. ஊசி வலியும் பக்கவிளைவும் உடையது என்பதால், உறுதியாகத் தெரியாமல் போட மருத்துவர் விரும்பவில்லை.

எர்லிகியா, பபேசியா இரண்டுக்கும் சேர்த்து, கிருமியின் மரபணுவையே கண்டறியும் பிசிஆர் பரிசோதனை செய்து, மூன்று நான்கு நாள்களுக்குள் முடிவு தரும் ஆய்வகம் மதுரையிலோ, திருநெல்வேலி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலோ இருப்பதை அண்மையில் நேரில் பயன்படுத்தி அறிந்தவர் யாரேனும் உண்டா?