கலைச்சொல்: மட்டைவீச்சில் ‘காஸ்டிங்’, ‘பேட் டிராக்’ முதலிய கைப்பிழைகள்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பேஸ்பால் சொற்பட்டியலில் மட்டைவீச்சுப் பகுதி மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கைகள் தொடக்கத்திலேயே உடலைவிட்டு விலகும் பிழையான ‘காஸ்டிங்’ என்பதற்குத் ‘தூண்டில்வீச்சு’, ‘கைவிரிப்பு’, ‘நீள்வீச்சு’ ஆகியவையும், முழங்கை கைகளை முந்தி மட்டை தாமதமாக வரும் பிழையான ‘பேட் டிராக்’ என்பதற்கு ‘மட்டையிழுவை’யும் முன்மொழியப்பட்டுள்ளன. இவற்றுள் எதையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பிழை பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தோன்றுகிறது என்பதை இவை சொல்கின்றன. எந்த உறுப்பு எந்தத் திசையில் தவறுகிறது என்பதைச் சொல்லவில்லை. பயிற்சிக் களத்தில் புழங்க வேண்டிய சொல்லிலேயே திருத்த வேண்டிய இடம் தெரிந்துவிட்டால் நல்லது.

முதலில் இரண்டு கைகளுக்கும் பெயர் வைத்தாக வேண்டும். எறிவாளருக்கு அருகில் இருக்கும் கையை ‘முன்கை’ என்று எழுதினால், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதியைத்தான் வாசகர் நினைப்பார். ‘முந்துகை’, ‘பிந்துகை’ என்ற இணை அழகாக இருந்தாலும், கை என்பது தொழிற்பெயர் விகுதியாகவும் இருப்பதால், ‘பிந்துகை’ தாமதிக்கும் செயலையும் குறித்துவிடும். வீச்சின் தாமதத்தைப் பற்றியே பேசும் கட்டுரையில் அது தொல்லை. மட்டையின் பிடியை வைத்துக் ‘கீழ்ப்பிடிக்கை’, ‘மேல்பிடிக்கை’ எனலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கைதான் பிடியின் அடியிலும் இருக்கிறது, எறிவாளரை நோக்கியும் இருக்கிறது என்பதால் இது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரன் இளமையில் வலக்கை ஆட்டக்காரராக நின்றுகொண்டே இடக்கையை மேலே வைத்து, கைகளை மாற்றிப் பிடித்து ஆடியவர். பின்னாளில் 755 ஹோம் ரன் அடித்த ஒருவரின் தொடக்ககாலப் பிடியை விளக்க முடியாத சொல்லை நாம் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? ஆகவே ‘முன்னிலைக்கை’, ‘பின்னிலைக்கை’ என்ற இணையைப் பரிந்துரைக்கிறேன்.

இனி ‘காஸ்டிங்’. வீச்சு தொடங்கும்போது இடுப்பும் மார்பும் திரும்ப, கைகள் மார்பை ஒட்டியே அவற்றோடு வர வேண்டும். மட்டையின் தலை அதன் பிறகுதான் வெளியே விரிய வேண்டும். அவ்வாறின்றிக் கைகள் தொடக்கத்திலேயே உடலைவிட்டு வெளிப்புறமாக விலகிப்போவதுதான் இந்தப் பிழை. சுழலும் பொருளின் நிறை அச்சிலிருந்து விலக விலக, அதன் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் அளவு, தொலைவின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், அதே தசைவலிமையில் உடல் மெதுவாகவே திரும்பும். எறிவாளரின் எறிமேட்டுக்கும், அடிப்பவர் அருகில் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 18.44 மீட்டர்தான். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஏறத்தாழ 0.4 நொடியில் வந்து சேர்கிறது. வீச்சுக்கே அதில் 0.15 நொடி அளவு போய்விடுகிறது. இந்தச் சிறு இடைவெளியில் மட்டை சுற்றுவழி போனால், உடலுக்கு அருகில் வரும் பந்து பிடியின் பக்கம் பட்டுச் சுருண்டு விழும். வெளிப்புறப் பந்தோ மட்டை முனையில் பட்டுத் தரையோடு உருளும். “கையை நன்றாக நீட்டி அடி” என்று சிறுவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையே பல நேரங்களில் இதற்குக் காரணமாகிறது. கைகள் முழுவதும் நீள்வது பந்து மட்டையில் பட்ட பிறகுதான். படும் நொடியில் பின்னிலைக்கையின் முழங்கை பெரும்பாலும் மடங்கியே இருக்கும்.

‘கைவிரிப்பு’ நல்ல சொல்தான். ஆனால் உதவி கேட்டவரிடம் இல்லையென்று கைவிரிக்கும் வழக்கு அதில் அழுத்தமாக ஒட்டியிருக்கிறது. “அவரிடம் கைவிரிப்பு அதிகம்” என்று பயிற்சியாளர் சொன்னால் ஆட்டக்காரரின் பெற்றோர் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும். ‘தூண்டில்வீச்சு’ ஆங்கிலச் சொல்லின் உருவகத்தை அப்படியே தூக்கிவருகிறது. நம் குளக்கரைகளில் தூண்டில் போடுபவரின் கையசைவு வேறு. ‘நீள்வீச்சு’ பொருளையே மாற்றிவிடுகிறது. அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை அமைப்பான மேஜர் லீக் பேஸ்பால் 2024 முதல் வெளியிடும் தரவுகளில் வீச்சு நீளம் என்பது மட்டையின் தலை கடக்கும் தொலைவைக் குறிக்கும் தனி அளவீடு. ஜியான்கார்லோ ஸ்டான்டன் போன்ற அதிவேக வீச்சாளர்களின் வீச்சு நீளமாக இருப்பது இயல்பு. மிகக் குறுகிய, வேகம் குறைந்த வீச்சைக் கொண்ட லூயிஸ் அராயெஸ் 2022 முதல் 2024 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தம் லீகின் அடி சராசரியில் முதலிடம் பெற்றார் என்பதும் உண்மையே. ஆயினும் நீளம் ஆட்டக்காரரின் பாணியைப் பொறுத்தது. பந்தை எவ்வளவு முன்னால் சந்திக்கிறார் என்பதையும் பொறுத்தது. அதைப் பிழையின் பெயராக்குவது நியாயமன்று. ‘கையகல்வு’ என்பது என் முன்மொழிவு. அகல் என்னும் வினைக்கு விலகுதல், விரிதல் என்ற இரு பொருளும் உண்டு; இங்கே இரண்டும் வேண்டியவையே.

‘பேட் டிராக்’ இதற்கு நேர்மாறான பிழை என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கே கைகள் விலகுவதில்லை. பின்னிலைக்கையின் முழங்கை விலாவை ஒட்டி இறங்குவதோடு நில்லாமல், கைகளையும் முந்திக்கொண்டு தொப்புளை நோக்கிப் பாய்கிறது. கைகள் பின்னால் மாட்டிக்கொள்ள, மட்டையின் தலை தாழ்ந்து கடைசியாக வந்து சேர்கிறது. வேகப்பந்துக்கு எப்போதும் தாமதம், இல்லையேல் பந்து வானை நோக்கி எழுந்து எதிரணிக்கு எளிய கேட்ச் ஆகும். தம் வலுவுக்கு மீறிய கனமான மட்டையை எடுக்கும் சிறுவர்களிடம் இது மிகுதி. ‘மட்டையிழுவை’ என்றால் இயற்பியல் படித்தவர் காற்றின் இழுவை விசையை நினைப்பார். ‘மட்டைப் பின்தங்கல்’ என்பதும் ஆகாது, ஏனெனில் நல்ல வீச்சிலும் மட்டை கைகளுக்குச் சற்றுப் பின்தங்கித்தான் வருகிறது. குற்றவாளி முழங்கை, ஆகவே ‘முழங்கை முந்தல்’ என்றே சொல்லலாம்.

கையகல்வையும் முழங்கை முந்தலையும் ஒரே தலைப்பில் சேர்த்து எழுதிய வரைவை அருள்கூர்ந்து பிரித்துவிடுங்கள். முதலாவதற்குக் கைகளை உடலோடு ஒட்டச் சொல்வதே மருந்து. அதையே இரண்டாவதற்குச் சொன்னால் முழங்கை இன்னும் உள்ளே பாய்ந்து நோய் முற்றும்.

‘ஆர்ம் பார்’ என்பதற்குக் ‘கைப்பூட்டு’ வேண்டாம். அது மற்போருக்கும் ஜூடோவுக்கும் உரியது. முன்னிலைக்கை தொடக்கத்திலேயே நேராகிப் பூட்டிக்கொள்வதைத்தான் இங்கே குறிக்கிறோம் என்பதால் ‘முழங்கை விறைப்பு’ போதும். பந்து படும் முன்பே மேல்பிடியில் உள்ள கை மற்றதன்மேல் கவிழ்வது ‘மணிக்கட்டுப் புரளல்’. பட்ட பிறகு புரள்வது இயல்பு என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ‘சிக்கன் விங்’ என்பதற்குக் கோழியை அழைக்கத் தேவையில்லை, ‘முழங்கைத் தூக்கல்’ எனலாம்.

‘ஹிட்ச்’ மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. வீச்சுக்குமுன் கைகள் சற்றே இறங்கி ஏறும் அந்த அசைவு சிலருக்குத் தாளம், சிலருக்குத் தாமதம். பிழை என்ற பொருள் தொனிக்காத ஒரு சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அதுவரை பட்டியலில் அதை ‘ஹிட்ச்’ என்றே விட்டுவைக்கலாம்.

அன்புடன்,
சொற்பட்டியல் தொகுப்பில் உதவும் ஒருவன்